எதுவும் செய்யப்படாத கட்டடம்

எனக்கு வெயில் ஆகாது. ஜூன் பிறந்து இரண்டு மாடி ஏறினால் போதும், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், மூக்குக்கண்ணாடி வழுக்கி மீசைக்கு வந்துவிடும். நகரங்கள் வெயிலைத் தாங்குவது எப்படி என்று ஐரோப்பாவுக்கே பாடம் எடுக்கிற ஆள் நான். மேடையேறும்போது இரண்டு கைக்குட்டை எடுத்துக்கொள்வேன். நான் அடிக்கடி முகத்தைத் துடைப்பதைப் பார்த்து, உணர்ச்சிவசப்படுகிறேன் என்று முன்வரிசைக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். நானும் மறுத்ததில்லை.

ஆனால் நீங்கள் கேட்டது வேறு, இன்ஸ்பெக்டரம்மா. ஜூலை மாதக் கடைசி ஞாயிறன்று வால்ட்ராவுட் பொகோர்னி என்கிற மூதாட்டி நம் வியன்னாவின் ஃபவோரிட்டன் பகுதியில் தன் மூன்றாம் மாடி வீட்டில் எப்படி இறந்தார் என்று கேட்டீர்கள். அந்தக் கட்டடத்துச் சலவையறையைப் பூட்டச் சொன்னது யார் என்றும் கேட்டீர்கள். இரண்டும் தனித்தனிக் கேள்விகள் என்றுதான் நானும் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வக்கீல் வேண்டாம். வந்தால் அவருக்கும் வியர்க்கும்.

முதலில் எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கோடையில் நகரத்து வயசாளிகள் சாகிறார்கள். நாங்கள் அறிக்கை எழுதுகிறோம். அது பிரஸ்ஸல்ஸில் இருக்கிற ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகிறது. அங்கே அதைப் படிக்க ஒரு குழு, படித்ததைச் சுருக்க இன்னொரு குழு. கூட்டம் முடிந்தால் சின்ன ரொட்டித்துண்டில் மீனை வைத்துத் தருவார்கள். ஏசிக் காற்றில் அந்த மீனின் மேல் பூசிய மயோனைஸ் காய்ந்து, ஓரம் மஞ்சளாகிச் சுருண்டிருக்கும். அதை வாய்க்குள் தள்ளிக்கொண்டே ஓர் அதிகாரி ஒவ்வோர் ஆண்டும் என் தோளைத் தட்டுவார்.

"அறிக்கை பிரமாதம் டாக்டர். ஆனா எண் எங்க? சன்னலுக்கு வெளிய மறைப்பு, சுவத்துல படர்ற செடிகொடி, கீழ ஒரு குளிரறை, எல்லாம் சரி. இதெல்லாம் செஞ்சா எத்தன பேரு பொழைப்பாங்க? ஒரு எண் குடுங்க, எல்லா ஊர்லயும் செஞ்சுடலாம்."

என்னிடம் எண் இல்லை. 'மேலும் ஆய்வு தேவை' என்ற வரிதான் இருந்தது. அந்த வரியை நான் என் மனைவியின் பெயரைவிட அதிகமுறை எழுதியிருக்கிறேன். அதைக் கவனித்துவிட்டுத்தான் அவள் போனாள். கைகுலுக்கிவிட்டுத் திரும்பினால் என் விரலில் மீன்வாடை அடிக்கும். எத்தனை முறை கழுவினாலும் அந்த அருவருப்பு போகாது. அதிலிருந்துதான் இந்த ஆய்வு பிறந்தது என்று சொன்னால் பொய்யாகாது.

ஃபவோரிட்டனில் ஒரே முற்றத்தின் இரு பக்கமும் இரண்டு நகராட்சிக் குடியிருப்புகள். ஒரே ஆண்டில், ஒரே வரைபடத்தில் கட்டியவை. ஒன்றில் மறைப்பும் கொடியும் குளிரறையும் வைத்தோம். மற்றதில் எதுவும் செய்யவில்லை. எங்கள் பேச்சில் அதன் பெயரே அதுதான்: எதுவும் செய்யப்படாத கட்டடம். ஒரு கோடை முழுக்க இரண்டையும் அளந்து, வித்தியாசத்தைப் பார்த்தால் எண் வந்துவிடும். அடுத்த ஆண்டு உங்களுக்கும் செய்துதருகிறோம் என்று இந்தப் பக்கத்துக்காரர்களிடம் சொன்னோம். வழக்கம்போல் வாழ்ந்தால் போதும் என்றோம். எல்லோர் மணிக்கட்டிலும் நாடியையும் தோல்சூட்டையும் அளக்கிற ஒரு பட்டை கட்டினோம்.

பொகோர்னி அம்மா டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். பட்டை கட்டியபோது கையை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"எதுக்கு டாக்டரய்யா இது? நான் ஓடிப்போயிடுவேன்னா?"

"உங்க நாடித்துடிப்பயும் தோல்சூட்டயும் பாக்கத்தான்மா."

"பாத்து?"

"குறிச்சு வைப்போம்."

"அடேயப்பா. டிராமுக்குக் குறுக்க ஒருத்தன் வந்தா நான் மணி அடிப்பேன், பிரேக் புடிப்பேன். குறிச்சு வச்சுக்கிட்டிருந்தா அன்னிக்கே வேலைய விட்டுத் தூக்கியிருப்பாங்க."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரை எனக்கு உண்மையிலேயே பிடிக்கும். போகும்போதெல்லாம் செர்ரிப்பழம் வாங்கிப் போவேன். கொட்டையைச் சன்னல் வழியாக எதிர்க்கட்டடத்துக் கொடியின்மேல் துப்பி, "பணக்காரத் தோட்டத்துக்கு நம்ம பங்கு" என்பார்.

ஜூலை நடுவில் வெயில் வந்து உட்கார்ந்துகொண்டது. முதல் இரண்டு நாள் திரையில் இரண்டு கட்டடத்தாரின் நாடிக் கோடுகளும் அழகாகப் பிரிந்தன. அந்தக் கட்டடத்தின் கோடு கீழே, இந்தக் கட்டடத்தின் கோடு மேலே. அப்புறம் இரண்டும் ஒன்றாகிவிட்டன. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து நேரில் போனேன்.

கருவி நன்றாகத்தான் இருந்தது. இவர்கள் யாரும்தான் வீட்டில் இல்லை. நிலத்தடியில் பழைய சலவையறை உண்டு, கல் தரை, சிமெண்டுத் தொட்டிகள். நாற்காலிகளை அங்கே இறக்கி, தொட்டியில் குழாய்த் தண்ணீரை நிரப்பிக் காலை விட்டு உட்கார்ந்திருந்தார்கள். சீட்டாட்டம், சோடா கலந்த வெள்ளை ஒயின், காகிதத்தில் பொட்டலம் கட்டிய இறைச்சி ரொட்டி. புடைத்த நரம்பும் காலாணியும் மஞ்சள் நகமுமாக ஒரு தொட்டி நிறையப் பாதங்கள், மேலே சோப்பு நுரையோ என்னவோ மிதக்கிறது. குமட்டியது. தவறாக நினைக்காதீர்கள், என் பாதமும் அப்படித்தான் இருக்கும்.

"வாங்க டாக்டரய்யா, பேண்ட்டச் சுருட்டுங்க!" என்று பொகோர்னி அம்மா இடம்விட்டு நகர்ந்தார். "அவங்களுக்குக் கொடி, நமக்குத் தொட்டி."

சுருட்டினேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். சுகமாக இருந்தது. அதுதான் பிரச்சினை.

நீங்கள் படித்தவர், யோசித்துப் பாருங்கள். எதுவும் செய்யப்படாத கட்டடத்தில் ஏதோ செய்துவிட்டார்கள். வித்தியாசம் பூஜ்யம். நான் பூஜ்யத்தைக் கொண்டுபோனால் மீன் தின்னும் அந்த வாய், 'அப்போ ஒண்ணும் வேணாமே' என்று சொல்லும். நிலவறை இல்லாத ஊர்களில், தகரக் கூரைக்குக் கீழே, எத்தனை பேர் வெந்து சாவார்கள்? சலவையறையைத்தான் பரிந்துரைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பத்து நாடு, மூன்று ஆண்டு உழைப்பு, முடிவு: தொட்டி. அதை மேடையில் சொல்லிப்பாருங்கள்.

அதனால் கட்டடக் காப்பாளர் ஸ்லாவிட்சாவிடம் பேசினேன்.

"பூட்டணுமா? ஏன் டாக்டர்? பாவம், வேற எங்க போவாங்க?"

"எலித்தொல்லை ஸ்லாவிட்சா. மருந்து வைக்கணும்."

"பதினோரு வருஷமா இங்க இருக்கேன், ஒரு வால்கூடப் பாத்ததில்ல."

"பாக்கறதுக்கு முன்னாடி வைக்கறதுதான் நிர்வாகம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பூட்டை மாற்றினார். அவரை விட்டுவிடுங்கள், சொன்னதைச் செய்தவர். 'எலிமருந்து வைக்கப்பட்டுள்ளது, உள்ளே நுழையாதீர்' என்று அறிவிப்பை ஒட்டியது நான். நம் வியன்னாக்காரர்களை உங்களுக்குத் தெரியாதா? அறிவிப்பைப் பார்த்தால் அரைமணி நேரம் திட்டுவார்கள், அப்புறம் கீழ்ப்படிவார்கள். வேறு எந்த ஊராக இருந்தாலும் அந்தக் கதவை மறுநாளே உடைத்திருப்பார்கள். இங்கே நாற்காலிகளைத் திரும்ப மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பொகோர்னி அம்மா மட்டும் முற்றத்தைக் கடந்து எதிர்க்கட்டடத்துக் குளிரறையைத் தட்டியிருக்கிறார். உள்ளிருந்த ஒருவர் கதவைப் பாதி திறந்து, "வெளியாளு வந்தா ஆய்வு கெட்டுடும்மா, அறையையே எடுத்துடுவாங்களாம், டாக்டரே சொல்லியிருக்காரு" என்று சாத்திவிட்டாராம். உண்மைதான். சொல்லியிருந்தேன்.

கோடுகள் மறுபடி பிரிந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பழைய டான்யூப் ஏரியில் இருந்தேன். எனக்கு வெயில் ஆகாது என்று சொன்னேன் அல்லவா. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, பூண்டு தடவிய பொரித்த ரொட்டி ஒரு கையில், ஃபோன் மறு கையில். அவருடைய வீட்டுச் சூடும் நாடித்துடிப்பும் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. மத்தியானம் அவரே கூப்பிட்டார்.

"டாக்டரய்யா, எலியெல்லாம் செத்துச்சா?"

"இன்னும் ரெண்டு நாள் ஆகும்மா."

"நல்லதாப் போச்சு. யாரு முந்தறோம்னு எனக்கும் அதுங்களுக்கும் பந்தயம்." சிரித்தார். நாக்குக் குழறியது. "தலை சுத்துது. தண்ணி குடிச்சா வாந்தியா வருது. ஒரு மணி நேரம் அந்தக் கதவத் தொறக்கச் சொல்லேன், தம்பி."

அதுவரை என்னைத் தம்பி என்று அழைத்ததில்லை.

சன்னலை அகலத் திறந்து வையுங்கள், காற்று வரட்டும் என்றேன். வெளியே முப்பத்தொன்பது. வீட்டுக்குள் அதைவிட மூன்று குறைவு. அந்த நேரத்தில் சன்னலைத் திறந்தால் என்ன ஆகும் என்பதில்தான் நான் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் திறந்துதான் வைப்பார்கள். அவர்கள் வழக்கத்துக்கு மாறான எதையும் நான் சொல்லிவிடவில்லை.

"சரி தம்பி," என்றார். சன்னல் கீல் கிறீச்சிடுவது கேட்டது.

ஆம்புலன்ஸைக் கூப்பிட மூன்று எண்ணை அழுத்தினால் போதும். விரலில் எண்ணெய். துடைத்துவிட்டு அழுத்தலாம் என்று நினைத்தேன். துடைத்தேன். அப்போது கோடு ஏறத் தொடங்கியிருந்தது. வீட்டுச் சூடு ஏற ஏற நாடியும் கூடவே ஏறுகிறது, ஓர் இடத்தில் நடுங்குகிறது, மறுபடி ஏறுகிறது. என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவான கோட்டைப் பார்த்ததில்லை. நாடிக் கோடு தட்டையாகப் படுத்துவிட்டபோது வெயில் சாய்ந்திருந்தது. என் கால்கள் சில்லென்று இருந்தன. இன்னொரு ரொட்டி வாங்கித் தின்று, அங்கேயே புல்லில் வாந்தியெடுத்தேன். கடைக்காரன் பழைய எண்ணெயில் பொரிக்கிறான், அதையும் விசாரியுங்கள்.

பூட்டச் சொன்னது நான். எலி என்று பொய் சொன்னது நான். சன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டு, அவர் சாவதை முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான். கிளெமென்ஸ் ஹுபிங்கர், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மறுக்கமாட்டேன்.

எண் கிடைத்தது. நல்ல எண். இலையுதிர்காலத்தில் பிரஸ்ஸல்ஸில் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆனால் அந்த எண்ணில் பொகோர்னி அம்மா இல்லை. புள்ளியியல் பார்க்கிற பெண் லிஸ்பனிலிருந்து எழுதியிருந்தாள்: கடைசி மணிநேரங்களில் இவருடைய தோல்சூடு அறைச்சூட்டைவிட மிகக் குறைவாகக் காட்டுகிறது, நம்ப முடியாது, கணக்கிலிருந்து ஆளையே நீக்கிவிட்டேன். தீயணைப்புக்காரர்கள் கதவை உடைத்து உள்ளே போனபோது அவர் மணிக்கட்டில் பாத்திரம் துடைக்கும் ஈரத்துணி ஒன்றைச் சுற்றியிருந்தாராம், பட்டையின் மேலேயே.

எனக்கு ஆறாத வருத்தம் அது ஒன்றுதான், இன்ஸ்பெக்டரம்மா. பட்டை நனையக்கூடாது என்று கட்டிவிட்ட அன்றே படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால், பாவம், வீணாகச் செத்திருக்க மாட்டார்.