ரெண்டாம் லயம், நாலாம் காம்பரா

பிள்ளைகளே, நம் கதவில் பெயின்டால் எழுதியது யார் என்று கேட்டீர்கள். இன்று காலை பதுளை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெண்ணும் அவள் தம்பியும் இருந்தார்கள். அவளும் நம்மைப் போலத் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில், ஒற்றை அறைக் காம்பராவில் இருந்துகொண்டு தனியாகவே சாப்ட்வேர் எழுதி விற்கிறவள் என்று பேச்சில் தெரிந்தது.

“ஒன் வெப்சைட்ல டவுன்ல இருக்க மாமா கடை அட்ரஸைப் போடுக்கா. லயம்னு பாத்தா கொழும்பு கஸ்டமர் ஓடிருவான்.”

“ஓடட்டும்டா.”

“ஒனக்கு இருக்கறதே அந்த ஒரு கஸ்டமர்தான்.”

“சாப்ட்வேர் வேணும்னா எங்கிட்ட வரட்டும். மாமாகிட்ட பருப்புதான் இருக்கு.”

“சிக்னலுக்கு தண்ணி டேங்க் மேல ஏறுறியே, அதையும் போடேன்.”

“கேட்டா சொல்லுவேன். நமுனுகுல, ரெண்டாம் லயம், நாலாம் காம்பரா.” சொல்லிக்கொண்டே போனில் அதையே அடித்து வெப்சைட்டில் ஏற்றிவிட்டாள்.

நமக்கும் கடிதங்கள் டவுன் கடை விலாசத்துக்குத்தான் வருகின்றன. நீங்கள் பள்ளியிலிருந்து வருவதற்குள், மிச்சமிருந்த பெயின்டை எடுத்து, நம் லயத்து நம்பரையும் காம்பரா நம்பரையும் கதவில் நானே எழுதினேன்.