சேற்றில் இறங்காத ஜீப்

சேற்றில் போகும் என்று சொல்லி விற்கிற ஜீப்பைத் தார்ச்சாலையில் மட்டும் ஓட்டிக்காட்டும் ஒரு ஷோரூம்காரர் ஏமாற்றுகிறார். வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒருவர் அவரிடம் ஜீப் ஓட்டிப் பார்த்த கதையைத் தன் கர்ப்பிணி மனைவியிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

“சேத்துல எறக்குனா வண்டி அழுக்காயிடுமாம்டி.”

“சேத்துல போறதுக்குத்தானே அந்த வண்டியப் பாக்கப் போனே?”

“பைபாஸ்லதான் ஓட்டணும்னுட்டான். நம்ம வூட்டு வழின்னு நெனச்சிக்கினு, நாலு சக்கரமும் இழுக்கிற கியரைப் போட்டேன். வளைச்சா, யாரோ பின்னால புடிச்சி இழுக்கிற மாதிரி முரண்டு புடிக்குது.”

“ரிப்பேர் வண்டியா?”

“தெரியல. கேட்டா, ஏசி எப்டி சார், பாட்டு எப்டி சார்ன்றான்.”

“பாட்டு எப்டி இருந்துச்சி?”

“சூப்பரா இருந்துச்சி.”

“அப்ப வலி வந்தா பாட்டு கேட்டுக்கினு கெடக்கறேன். ஐப்பசி மழையில கரும்புக் கொல்லையத் தாண்டி நம்ம வூட்டுக்கு ஆம்புலன்ஸே வராது. இது வருமா, வராதா?”

“ஓட்டிப் பாத்தும் தெரியலையேடி. நாளைக்கே புக் பண்ணச் சொல்றான்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காய்ந்த தார்ச்சாலையில் அந்தக் கியர் அப்படித்தான் முரண்டு பிடிக்கும். அதைக்கூட ஷோரூம்காரர் அவருக்குச் சொல்லவில்லை. ஷோரூம்காரரே, மழை பெய்யும்போது அந்தக் கொல்லை வழியில் வண்டியை இறக்குங்கள். வருமா, வராதா என்று அந்தப் பெண்ணுக்கு ஊர் முன்னால் பதில் சொல்லுங்கள்.