மணி அடிக்காத பள்ளி

உங்கள் அறையில் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது. அரசு அலுவலகத்தில் இப்படிக் காற்று வருவது அபூர்வம். நான் தலைமையாசிரியையாக இருக்கும் பள்ளியில் விசிறிகள் பேருக்குத்தான் சுற்றும்.

தேனீ விஷயமாக விசாரிக்கத்தானே கூப்பிட்டிருக்கிறீர்கள். நாள் முழுக்க ரீங்காரம் செய்துகொண்டே இருப்பாள் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. ஆட்டிசம் உள்ள பெண். பேச்சு வராது. யார் வம்புக்கும் போகமாட்டாள். அந்தச் சத்தம் ஒன்றுதான் தொந்தரவு.

இப்படிப்பட்ட பிள்ளைகளையும் மற்றவர்களோடு சேர்த்தே படிக்க வைக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. எனக்கும் அதில் முழு நம்பிக்கை உண்டு. மேடை கிடைத்தபோதெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்காக 'அமைதி அறை' ஒன்றுகூட அமைத்தேன். வெளிர்நீலச் சுவர், மெத்தை, பிசைந்து விளையாட மென்பந்துகள். பார்த்தால் உங்களுக்கே படுத்துக்கொள்ளத் தோன்றும். தேனீயை அதில் விடவில்லை, மெத்தை அழுக்காகிவிடும் அல்லவா. கட்டடத்துக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட விளையாட்டுச் சாமான் அறை சும்மாதான் கிடந்தது, அவளை அங்கே உட்காரவைத்தோம்.

எங்கள் சிறப்பாசிரியை சின்ன வயதுக்காரர், பொறுமைசாலி. மாதக்கணக்கில் மெனக்கெட்டு அவளுக்கு ஒன்றே ஒன்றைப் பழக்கினார். மணி அடித்தால் பையோடு வெளியே வரவேண்டும். அடிக்காவிட்டால் உட்கார்ந்திருக்க வேண்டும். தேனீ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கதவைத் திறந்தே வைத்தாலும் மணி அடிக்காமல் வாசலைத் தாண்டமாட்டாள்.

இந்த நிலையில்தான் பார்வையிடும் குழு வந்தது. 'அனைவரையும் அணைக்கும் பள்ளி' என்ற விருதுக்கு எங்கள் பெயரும் போயிருந்தது. அமைதி அறையில் ஒரு குழந்தை வேண்டுமே என்று எழுத்தரின் மகளை உட்காரவைத்தோம். சமர்த்துப் பெண். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், பந்தைப் பிசைந்தபடி, சொன்னதைச் செய்தாள். குழுத் தலைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் பின்னாலிருந்து ரீங்காரம் கேட்டால் நன்றாகவா இருக்கும்? அதனால் காலையிலேயே சாமான் அறையின் காற்றுத்துளைகளை நுரைப்பஞ்சு வைத்து அடைத்திருந்தேன். தண்ணீர் பாட்டிலால் சுவரைத் தட்டும் பழக்கம் அவளுக்கு உண்டு. அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன். எல்லாம் அவள் நல்லதுக்காகத்தான். புது ஆட்களைக் கண்டால் மிரளுவாள்.

மணியை நிறுத்தியதும் நான்தான். மணிச்சத்தம் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது, எங்கள் பள்ளியில் வண்ண அட்டை காட்டித்தான் வகுப்பு மாற்றுகிறோம் என்று குழுவிடம் சொன்னேன். அன்று காலைதான் தோன்றிய யோசனை. கைதட்டினார்கள்.

குழுவினருக்கு அமைதி அறையை விளக்குவதற்காகச் சிறப்பாசிரியையைக் கூடவே நிறுத்தியிருந்தேன். மதியச் சாப்பாட்டின்போது அவர் என் காதருகே குனிந்தார்.

"மேடம், மணி அடிக்கவே இல்லையே. அவ வெளிய வந்தாளா? உள்ள ரொம்பப் புழுங்கும்."

"அவங்க அம்மா அப்பவே வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. நீங்க போய்ச் சாப்பிடுங்க."

பாவம், நம்பிவிட்டார். வேலை மும்முரத்தில் நான் மறந்துவிட்டேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் எனக்கு வசதிதான். ஆனால் மறக்கவில்லை. வெயில் எப்படிக் கொளுத்துகிறது என்பதும் தெரிந்துதான் இருந்தது. குழு இன்னும் கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் குழு விருதை உறுதிசெய்து கையெழுத்துப் போட்டுக் கிளம்பிய கையோடு அவள் அம்மா வந்து நின்றார்.

"மேடம், எல்லாரும் போயிட்டாங்களே. என் பொண்ணு எங்க?"

சிறப்பாசிரியை என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஓடினார். புடவை தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினார். அந்த அம்மாவும் விஷயம் புரியாமலே பின்னால் ஓடினார்.

தேனீ வாசலைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புறப்படத் தயாராகப் பையை முதுகில் மாட்டியிருந்தாள். ரீங்காரம் இல்லை. மருத்துவர் வந்தபோது அவர் செய்ய எதுவும் மிச்சமிருக்கவில்லை.

அந்தச் சாவுக்கு நான்தான் காரணம் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கதவை நான் பூட்டவில்லை, தாழ்ப்பாள்கூடப் போடவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எங்கள் பள்ளியில் சொல்லிக்கொடுத்ததை இம்மியும் பிசகாமல் செய்த ஒரே மாணவி அவள். அந்த விருதை நாங்கள் ஒன்றும் ஏமாற்றி வாங்கவில்லை.