எல்லாம் திறந்த பிறகு நகர்த்து

— அதெல்லாம் இருக்கட்டும் சத்யா. இந்த புரோகிராம உன்ன யாரு எழுதச் சொன்னது?

— யாரும் சொல்லலக்கா. நானாத்தான் எழுதினேன்.

— நீயா எழுதினியா? வெளிய போர்டுல கமலக்கண்ணன்னு எங்க வூட்டுக்காரரு பேருதான் கீது. அவரு சொல்லாம இந்த ஆபீஸ்ல ஒரு பென்சிலு எடம் மாறாது. நீ மட்டும் தானா ஒண்ணு எழுதி என் மிஷின்லயும் ஏத்திட்ட.

— உங்க மிஷின்லதாங்கா மொதல்ல ஏத்தினேன். பிளான பேப்பருக்கு நடுவுல வர்ற மாதிரி நகத்தி, பிரிண்ட் எடுக்கிறது நீங்கதானே.

— ஓகோ. எனக்காக.

— எல்லாருக்கும்தாங்கா.

— காலையில எங்க புது வூட்டு பிளான நகத்தப் போனேன். மூவ்னு அடிச்சு கைய எடுக்கல, ஸ்கிரீன் பூரா பச்ச, செவப்பு, மஞ்சன்னு தீவாளி மாதிரி எல்லாம் வந்து நின்னுச்சு. நகத்தி முடிச்சதும் ஒண்ணும் தெரியாத கொழந்த மாதிரி திரும்ப மூடிக்கினுது. இன்னா வித்த இது?

— வித்தயெல்லாம் இல்லக்கா. சுவரு, கதவுன்னு ஒண்ணுமேல ஒண்ணா போட்டு வெச்ச லேயர்ல, மூடி மறைச்சதையெல்லாம் நகத்துறதுக்கு முன்னாடி அதுவே தெறந்துடும். நகந்த பிறகு, எதெது மூடியிருந்துச்சோ அதத பழையபடி மூடிடும். அவ்ளோதான்.

— தெறக்காம நகத்தினா இன்னா கெட்டுப்போச்சு?

— மூடி வெச்சது கூட வராதுங்களே. சுவரு, வாசக்காலு எல்லாம் போயிடும். மூடின லேயர்ல இருக்கிறது மட்டும் பழைய எடத்துலயே நிக்கும். கண்ணுல படாததால நமக்கும் தெரியாது. மாணிக்கவேல் ஐயா வீட்ல ஆனத மறந்துட்டீங்களா?

— எப்டி மறக்கும்? "தூணுக்கா பட்டுப் பொடவ கட்டி உடறது"ன்னு தெருவே கேக்கறா மாதிரி கத்தினாரே மனுஷன்.

— அதாங்கா. முனிசிபாலிட்டிக்கு வீடு மட்டும் தெரிஞ்சா போதும்னு தறி லேயர மூடியிருந்தோம். ரோட்ல இருந்து உள்ள தள்ளினப்ப வீடு நகந்துச்சு, தறி நகரல. மேஸ்திரி அந்த அளவ வெச்சு தறிக்குழி தோண்ட, தூணு வந்து குழிக்கு நடுவுல நின்னுடுச்சு. சார் என்னத்தான் திட்டினாரு.

— அதுக்காக எழுதின.

— ஆமாங்கா.

— அது நடந்தது சித்திரையில. இப்ப ஆடி. நீ இத ஏத்தினது போன வாரம். தறி நகரலன்னு இத்தினி மாசம் கழிச்சு ரோஷம் வந்துச்சா உனக்கு?

— நேரம் கெடைக்கலக்கா.

— நேரம் கெடைக்கல. சரி சரி. இதுல ஒரு மாத்தம் பண்ணிக் குடு.

— சொல்லுங்கக்கா.

— எல்லாத்தையும் தெறக்கட்டும். நான் சொல்ற ஒரு லேயர மட்டும் தொடக் கூடாது.

— ஒண்ண விட்டுட்டா அது பின்னாடியே நின்னுடுமேக்கா. அப்புறம் இந்த புரோகிராமே எதுக்கு?

— நிக்கட்டும். அது எங்க நின்னா உனக்கு இன்னா?

— எந்த லேயருக்கா?

— எதுன்னு உனக்குத் தெரியாது?

— ம்…

— முணுமுணுத்தா கேக்கல. பக்கத்துல பவர்லூம் ஓடிகினு கீது. வாயத் தெறந்து சொல்லு.

— மாடி லேயருங்களா?

— பாரேன், கரெக்டா சொல்லிட்ட. நான் பேரே சொல்லல.

— உங்க மூஞ்சிய பாத்தா தெரியுதுங்கா.

— என் மூஞ்சிய அப்புறம் பாக்கலாம். எங்க வூட்டுக்கு நான் கேட்டது மொட்ட மாடி. ஒரு தண்ணி டேங்க்கு, துணி காயப் போட கம்பி. இதுல பாத்தா மாடி மேல ஒரு ரூமு. சமையக்கட்டு. பாத்ரூமு. வெளிய இருந்து ஏர்ற மாதிரி படி, அந்தப் படிக்குத் தனியா ஒரு கேட்டு. எங்க வாசல மிதிக்காமலே ஒருத்தி மேல போலாம், வரலாம்.

— ஒருத்தின்னு ஏங்கா சொல்றீங்க? வாடகைக்கு உடறதா இருக்கும்.

— வாடகைக்கு உடறவன் மொதல்ல பொண்டாட்டி கிட்டதான் பீத்திக்குவான், மாசமானா இவ்ளோ வரும்னு. எனக்குத் தவிர எல்லாருக்கும் சொல்லுவானா?

— எல்லாருக்குமா? யாருக்கும் தெரியாதேக்கா.

— உனக்குத் தெரிஞ்சிருக்குதே.

— நான் இங்க டிராயிங் போடறவ. ஃபைல தெறந்தா கண்ணுல படத்தான் செய்யும்.

— கண்ணுல பட்டுதுல்ல? அந்தச் சமையல் மேடைய பாத்தியா?

— மேடை இருக்குன்னு பாத்தேன். அளவெல்லாம் பாக்கல.

— நான் பாத்தேன். பக்கத்துலயே உயரம் எழுதிக் கீது. இந்த ஊர்ல எந்த வூட்டுக்கும் அவ்ளோ குள்ளமா மேடை போட்டு நான் பிரிண்ட் எடுத்ததில்ல. எழுந்திரு. இங்க வந்து என் பக்கத்துல நில்லு.

— எதுக்குக்கா?

— நில்லுன்றேன்ல.

— நின்னுட்டேன்.

— என் தோளுக்குக் கீழ வர்ற. அந்த மேல் ரேக்ல பிளான் எடுக்க ஸ்டூலு போட்டு ஏர்றது இந்த ஆபீஸ்ல நீ ஒருத்திதான்.

— பரிமளாக்கா, குள்ளமா பொறந்தது என் தப்பா?

— சிரிப்பு காட்டாத. போன மாசம் அந்தப் பேய் மழையில உன்ன பஸ் ஸ்டாண்டுல யாரு உட்டது?

— சார்தான். நீங்கதானே "கொண்டு போய் உடுங்க, பொம்பளப் புள்ள"ன்னு சொன்னீங்க.

— நான் சொன்னேன். ஆமா, நான்தான் சொன்னேன். அவரு ரெயின்கோட்ட கழட்டி உனக்குக் குடுத்துட்டு நனைஞ்சிகினு வந்தாரே, அதையும் நானா சொன்னேன்?

— வேணாம்னுதான் சொன்னேன். கேக்கல அவரு.

— கேக்க மாட்டாரு. இரு, போன் அடிக்குது. அவருதான். ஹலோ… ஆங், சொல்லுங்க… சாப்டாச்சு, நீங்க?… கண்ணமங்கலத்துல மழையா? இங்க ஒரு தூறலும் இல்ல… பிரிண்டா? அதத்தான் எடுத்துகினு இருக்கேன்… சத்யா இங்கதான் கீறா. குடுக்கட்டுமா?… வேணாமா? சரி… நாளைக்குக் காலையில போட்டுடலாம் கையெழுத்து. மனை எங்கப்பா எனக்குக் குடுத்தது, நான் போடாம வேற யாரு போடுவாங்க?… சரிங்க. பாத்து வண்டி ஓட்டினு வாங்க.

— என்னக்கா சொன்னாரு?

— ஆடி முடியறதுக்குள்ள பிளான் முனிசிபாலிட்டிக்குப் போயிடணுமாம், ஆவணியில பூஜ போடணுமாம். உன் கிட்ட குடுக்கட்டுமான்னு கேட்டேன். வேணாம்னாரு. அந்த வேகத்த நீ கேட்டிருக்கணும், அடுப்ப தொட்டவன் கைய இழுத்துகினா மாதிரி.

— அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். அடுத்த வாரத்துலேருந்து நான் வர மாட்டேன். செய்யார்ல ஒரு கம்பெனியில டிராயிங் செக்ஷன்ல எடுத்துகினாங்க.

— அப்டிப் போடு. ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சா?

— என்ன பேசி முடிச்சாச்சு?

— இங்க வேல செஞ்சிகினே மேல குடி வந்தா ஊரு வாய் மெல்லும். நடுவுல செய்யாருக்குப் போயிட்டு, வூடு கட்டி முடிஞ்சதும் வந்தா, "யாரோ குடித்தனம் வந்துகிறாங்க"ன்னு போயிடும். நல்லா யோசிச்சிருக்கீங்க. என் அஜித்து பத்தாவது படிக்கிறான். அவன் கிட்ட உன்ன இன்னான்னு கூப்பிடச் சொல்றது, அதையும் யோசிச்சீங்களா?

— அக்கா, போதும்!

— கத்தாத. கரெண்ட்டு போயிடுச்சு.

— யூ.பி.எஸ். கத்துது. மிஷின ஆஃப் பண்ணிடவா?

— உடு. அந்தப் படம் அப்டியே நிக்கட்டும். தறிச் சத்தம் நின்னுடுச்சு, இனிமே செவுத்துக்கு அந்தாண்ட மூச்சு உட்டாலும் கேக்கும். கிட்ட வந்து உக்காரு. அழாத. இப்ப சொல்லு, அந்த ரூமு யாருக்கு?

— எனக்குன்னு சொன்னாருக்கா.

— எப்போ?

— போன வெள்ளிக்கெழம. நீங்க படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போயிருந்தீங்க. சார் கூப்டு ஸ்கிரீன்ல காட்டினாரு. "களம்பூர்லேருந்து தெனம் பஸ்சுல தொங்கிகினு வர்றியே, இங்கயே இருந்துக்கலாம்ல"ன்னாரு. நான் நெஜமா குடித்தனத்துக்குன்னுதாங்கா நெனச்சேன். வாடகை எவ்ளோ சார்னு கேட்டேன்.

— இன்னா சொன்னாரு?

— சிரிச்சாரு.

— நீ?

— நான் சிரிக்கல.

— சத்தியமா?

— உங்க தலையில அடிச்சு வேணா சொல்றேன். பஸ்சுக்கு நேரமாச்சுன்னு பைய தூக்கிகினு ஓடிட்டேன்.

— மறுநாளு வந்தியே. எப்பவும் போல வந்து, எப்பவும் போல டீ வாங்கியாந்து குடுத்தியே எனக்கு.

— உங்க கிட்ட சொல்லிடணும்னுதான் வந்தேன். நீங்க படவேட்டு குங்குமத்த எடுத்து என் நெத்தியில வெச்சி உட்டீங்க. "சீக்கிரம் கல்யாணம் கூடி வரட்டும்"னீங்க. அதுக்கு மேல எனக்கு எப்டிக்கா வாய் வரும்?

— வாய் வரல. அதனால?

— அந்த ஃபைல தெறந்து பாத்தேன். மாடி லேயரு மூடியிருந்துச்சு. லேயரு பேருக்குப் பக்கத்துல பல்பு மாதிரி ஒரு பொம்ம இருக்குமே, அது அணைஞ்சிருந்துச்சு. அப்பதான் சாயங்காலம் வரிக்கும் உக்காந்து இந்த புரோகிராம எழுதினேன். பிளான நகத்துறது நீங்க ஒருத்தர்தான். எப்பயாவது நகத்துவீங்க, அப்ப அதுவே உங்க கண்ணு முன்னாடி தெறந்து நிக்கட்டும்னு எழுதினேன்.

— தறிக்காக இல்ல.

— தறிக்காக இல்லக்கா.

— உனக்குச் சொல்ல பயம். மிஷின உட்டு சொல்ல வெச்ச.

— நான் சொன்னா நம்பியிருப்பீங்களா? "நீ என்னடி பண்ண அந்த ஆள"ன்னுதானே மொதல்ல கேட்டிருப்பீங்க?

— கேட்டிருப்பேன். இப்பவும் உள்ள ஒருத்தி அதத்தான் கேட்டுகினு இருக்கா. நீ அழுவற, எனக்குப் பாவமாத்தான் கீது. இருந்தாலும் அவ உன் அழுகய ஓரக்கண்ணால அளவெடுத்துகினு கீறா. பேஜாரா இருக்குதுடி எனக்கே.

— நான் போயிடறேன்க்கா. இனிமே இந்தப் பக்கமே வர மாட்டேன்.

— நீ போயிட்டா? அந்தப் படி அங்கதான் நிக்கும். அந்த கேட்டு அங்கதான் நிக்கும். நீ இல்லன்னா மேடைய கொஞ்சம் ஒசத்தி, வேற ஒருத்திக்கு ஆவும்.

— அப்டிச் சொல்லாதீங்கக்கா.

— கல்யாணம் ஆன புதுசுல அவரு இதே ரூம்ல பலகையில பேப்பர் ஒட்டி பென்சில்ல போடுவாரு. நான் பக்கத்துல உக்காந்து பென்சில் சீவிக் குடுப்பேன். அப்ப ஒண்ண மறைக்கணும்னா ரப்பர் வெச்சு தேய்க்கணும். எவ்ளோ தேச்சாலும் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா தடம் தெரியும். இப்ப ஒரு பல்ப அணைச்சா போதும். ஒண்ணுமே இல்லாத மாதிரி மொட்ட மாடி ஆயிடுது.

— நாளைக்குக் கையெழுத்துப் போடாதீங்கக்கா.

— அத நீ சொல்லாத. யாரு வேணா சொல்லலாம், நீ சொல்லக் கூடாது.

— சரிங்கா.

— கோச்சிக்காத. உன் மேல இன்னும் சந்தேகம் பூரா போவல. போறப்ப போவும்.

— கரெண்ட்டு வந்துடுச்சுக்கா.

— ம். தறியும் எடுத்துகிச்சு. பிரிண்டர ஆன் பண்ணு. பெரிய பேப்பர் போடு.

— மாடி லேயர மூடிட்டுதானே எடுக்கணும்?

— வேணாம். எல்லாத்தையும் தெறந்து வெச்சு எடு. படி, கேட்டு, சமையக்கட்டு, அந்தக் குள்ள மேடை, எல்லாம் பேப்பர்ல வரட்டும். அவரு வந்து உக்கார்ற மேஜ மேல விரிச்சு வெக்கிறேன். என் மனையில எனக்குத் தெரியாம ஒரு செங்கல்லும் ஏறாது. கையெழுத்து வேணும்னா அந்தப் பேப்பர நடுவுல வெச்சிகினு என் மூஞ்சிய பாத்து கேக்கட்டும்.

— நான்தான் காட்டிக் குடுத்தேன்னு தெரிஞ்சிடுமேக்கா. உங்க கண்ணுல படக் கூடாதுன்னு சார் இத்தினி நாளா மூடி வெச்சிருந்தத…

— அவரு எங்கடி மூடினாரு? வைகாசியிலேருந்து, நானே பாத்துத் தெரிஞ்சிக்கட்டும்னு, என் மிஷின்ல தெறந்தேதான் போட்டுட்டுப் போவாரு. தெனம் சாயங்காலம் அந்த பல்ப அணைச்சிட்டு வூட்டுக்குப் போனது நான்.