இரவல் முருகன்

நீலாவதி: வேலம்மாக்கா, இங்க பாருங்க. கண்ண நல்லா தொறந்து பாருங்க.

வேலம்மா: என்னடி இது, வேல விட்டு வந்ததும் வராததுமா? கொழுந்துக் கூடைய எறக்கு மொதல்ல.

நீலாவதி: கூட கெடக்கட்டும். ரூத்தம்மா பொஸ்தகம். சீமையில அச்சடிச்சு வந்திருக்கு. தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதுற கார்த்திகேசு கிராணிகிட்ட வாங்கிட்டு வந்தேன்.

வேலம்மா: எந்த ரூத்தம்மா?

நீலாவதி: ஆகா, தெரியாத மாதிரி! வேதக்கார வெள்ளைக்காரம்மா. உங்க வீட்ல ரெண்டு மணி நேரம் குந்திக்கிட்டு தோச சாப்பிட்டாங்களே...

வேலம்மா: ஐயோ... இது நானா? கொண்ட அவுந்து கெடக்கு!

நீலாவதி: அவுந்தா என்ன, முழுப் பக்கம் போட்டோலா! பேரு வேற போட்டிருக்கு.

வேலம்மா: என்ன எழுதியிருக்காங்களாம்?

நீலாவதி: "வேலம்மா கண்ண மூடி ரொம்ப நேரம் நின்னா. கன்னத்துல தண்ணி ஓடுச்சு. ஊழியத்துக்கு வந்து பதினோரு வருசத்துல நான் ஒரு நாளும் இப்படி ஜெபம் பண்ணதில்ல"ன்னு. கிராணி படிச்சு தமிழ்ல சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிஞ்சுச்சு.

வேலம்மா: எதுக்குடி எரியணும்?

நீலாவதி: எரியாம? மொதல்ல எங்க வீட்டுக்குத்தான வந்தாங்க! ரிங்லெட் டவுனுக்குப் போயி பூப்போட்ட கப்பு வாங்கினேன். கியா பார்ம் சந்தையிலேருந்து ஸ்ட்ராபெரி. சுவத்துல பனிமல காலண்டரு. எல்லாம் எதுக்கு? அஞ்சே நிமிசம்! "சாமி எங்க கும்பிடுவே?"ன்னு மலாய்ல கேட்டாங்க...

வேலம்மா: நீ என்ன சொன்னே?

நீலாவதி: அது எதுக்கு இப்ப?

வேலம்மா: நீலா...

நீலாவதி: "அதெல்லாம் எங்க வீட்ல இல்லம்மா"ன்னேன். போதுமா?

வேலம்மா: அடிப்பாவி! அப்ப, "சுவரு ஓதம்க்கா, நாலு நாளைக்கு சாமி படத்த வச்சிருங்க"ன்னு எங்கிட்ட குடுத்தது...

நீலாவதி: ஓதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேதக்காரங்களுக்கு நம்ம சாமியக் கண்டா ஆவாதுன்னு நெனச்சுட்டேன். அந்தம்மா என்னடான்னா அதத்தான் பாக்க வந்திருக்காங்க! சரி, போட்டோவுல உங்களுக்கு முன்னால தொங்குது பாருங்க. அது யாரு படம்?

வேலம்மா: பொஸ்தகத்த மூடுடி.

நீலாவதி: கண்ணாடி மூல ஒடைஞ்சிருக்கு. எம் மவன் பந்தடிச்சது. தைப்பூசத்துக்கு நான் பத்துமலையில வாங்கின முருகன்! எம் முருகன், உங்க பேரு!

வேலம்மா: கத்தாதடி. லைன் வீடு பூரா கேக்குது.

நீலாவதி: கேக்கட்டும்! நாலு நாளு நாலு மாசமாச்சு. கேட்டா "நாளைக்கு"ங்கிறீங்க, "வெள்ளிக்கெழம போவட்டும்"ங்கிறீங்க. நான் முருகன் எடத்துல தொங்குற பனிமல காலண்டர பாத்து கன்னத்துல போட்டுக்கிட்டிருக்கேன்!

வேலம்மா: சிரிப்பு காட்டாதடி...

நீலாவதி: சிரிக்காதீங்க. ஞாயித்துக்கெழம அந்தம்மா மறுபடி வர்றாங்களாம். இந்தத் தடவ என் வீட்ல, எம் முருகன் முன்னால, நான் நிக்கணும். எடுங்க படத்த.

வேலம்மா: ஞாயிறு கழியட்டுமே...

நீலாவதி: பாத்தீங்களா, பாத்தீங்களா! இன்னொரு போட்டோவுக்கு அலையறீங்க!

வேலம்மா: அந்தம்மா வந்தா நான் கதவ சாத்திக்கிறேன். உன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போ. படத்த மட்டும் விட்டுடு.

நீலாவதி: ஏன்? "எங்க சாமி உள் ரூம்ல"ன்னு சொல்லுவீங்களே. அதக் கொண்டாந்து மாட்டுங்க.

வேலம்மா: உள் ரூம்ல ஒண்ணும் இல்ல நீலா.

நீலாவதி: இல்லன்னா?

வேலம்மா: கோலா தெர்லா ரோட்டுல லோரி கவுந்து எம் புருசன் போனாருல்ல... மறுநாளே எல்லாப் படத்தையும் ஆத்துல விட்டுட்டேன். உன் படம் வர்ற வரைக்கும் மூணு வருசமா வெளக்கு ஏத்தல.

நீலாவதி: அக்கா... என்கிட்ட ஒரு வார்த்த...

வேலம்மா: உன்கிட்டயா? உனக்கு ஒரு போட்டோவுக்குத்தாண்டி வயிறு எரியுது. எனக்கு சாயங்காலம் உன் புருசன் வீட்டுக்கு வர்ற மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே எரியும்... அடுத்த வீட்டு சாமிய இருட்டுல வைக்கக் கூடாதேன்னுதான் அன்னிக்கு வெளக்கு ஏத்தினேன். நின்னேன், அழுகை வந்துருச்சு. அந்தம்மா பக்கத்துல வந்து நின்னு போட்டோ புடிச்சது சத்தியமா எனக்குத் தெரியாது. அன்னிலேருந்து தெனம் ஏத்துறேன்... இப்ப நீ எடுத்துட்டுப் போயிட்டா, நாளைக்கு நான் யாரு முன்னால போயி நிப்பேன்?