வான்காவலனின் மகா மட்டமான கதை

— கடைசியாச் சொல்றேன், கேட்டுக்கோ. வான்காவலன் படக்கதை சரித்திரத்துலயே 'உடைந்த அணை' மாதிரி ஒரு மட்டமான கதை வந்ததும் இல்ல, இனிமே வரப்போறதும் இல்ல.

— போடா அரைப்படி. உனக்கு அடிதடி இருந்தாத்தான் கதை. நாலு பேரைத் தூக்கி வீசணும், ரெண்டு கட்டடம் இடியணும்.

— எனக்கு வாயில ஏதாவது வந்துடும், வெல்டரு. பஸ் ஸ்டாண்டுல புத்தகக் கடை வச்சிருக்கிறவன் நீயா நானா? மாசாமாசம் கட்டைப் பிரிச்சதும் முதல் ஆளா முழுசாப் படிச்சுட்டுத்தான் வெளியில தொங்கவிடுவேன். எந்தப் பக்கத்துல, எந்தக் கட்டத்துல எவன் தும்முறான்னு கேளு, சொல்றேன்.

— தெரியும்டா. அதனாலதானே உன்னை வரச் சொன்னேன்.

— என்னது?

— ஒண்ணுமில்ல. மட்டம் மட்டம்ங்கிறியே, ஏன் மட்டம்? அதைச் சொல்லு.

— பின்னே என்னடா? மலையைத் தூக்குறவன். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஏழு கடல் தாண்டுறவன். அணை உடையுது, வெள்ளம் வருது, ஊர் மொத்தத்தையும் காப்பாத்துறான். ஆடு மாட்டைக் கூட விடல. சொந்தப் பொண்டாட்டி மணிக்கூண்டுல மாட்டிக்கிட்டுக் கத்துறா, அவளைத் தூக்க மட்டும் தொரைக்கு நேரம் பத்தலையாம். கடைசிக் கட்டத்துல அந்தச் சிவப்பு மேலங்கியை மடிச்சு மடியில வச்சுக்கிட்டு, இடிஞ்ச மணிக்கூண்டு மேல ஒத்தையா உட்கார்ந்திருக்கான். இதுக்குப் பேரு கதையா? எழுதினவன் எவனோ, அவன் கையை...

— ஏன் நிறுத்திட்ட?

— இல்லடா. தங்கச்சி போயி முழுசா ஒரு மாசம் ஆகல, உன்கிட்ட வந்து பொண்டாட்டி செத்த கதையை அளந்துக்கிட்டு இருக்கேன். என் நாக்குல சனி.

— விடுடா. வந்தவங்க எல்லாரும் உச்சுக் கொட்டிட்டுப் போயாச்சு. 'மனசைத் தேத்திக்கோங்க, மனசைத் தேத்திக்கோங்க'ன்னு கேட்டுக் கேட்டு காது புளிச்சுப்போச்சு. நீயாவது சண்டை போடு. ஆனா ஒண்ணு, நீ சொன்னது தப்பு. அவன் திரும்பி வந்தான்.

— யாரு?

— வான்காவலன்தான். அவ மொட்டை மாடியில நின்னுக்கிட்டு, 'ஊருக்கெல்லாம் ஓடுங்க, வீட்டு ஞாபகம் கடைசியிலதான் வரும்'னு வாங்கு வாங்குன்னு வாங்குறா. இவன் நனைஞ்ச கோழி மாதிரி நிக்கிறான்.

— உனக்கு என்னடா ஆச்சு? மணிக்கூண்டுக்கு ஏது மொட்டை மாடி? அவ செத்துட்டா. அடுத்த இதழ்லயே அவளுக்குச் சிலை வைக்கிறாங்க.

— இல்லங்கிற?

— சத்தியமா இல்ல.

— சரி, அதை விடு. சிறந்த கதைக்கு வா. எனக்கு 'பாதாளப் பாதை'தான்.

— அதுவா? பரவாயில்ல ரகம். கருந்தேள் வர்றதால தப்பிச்சுது.

— பரவாயில்லையா? டேய், வான்காவலனுக்குக் கண்ணு போற கதைடா அது!

— கண்ணு போகுதா? எப்போ?

— கருந்தேள் புகையை ஊதுறான். கண்ணு ரெண்டும் அவிஞ்சுபோகுது. சுவரைத் தடவித் தடவி நடக்கிறான், முட்டிக்கிறான், 'என்னை இங்கேயே விட்டுட்டுப் போங்க'ன்னு எரிஞ்சு விழறான். அப்புறம் காலடிச் சத்தத்தை வச்சே யார் வர்றாங்கன்னு கண்டுபிடிக்கக் கத்துக்கிறான். தண்ணி சொட்டுற சத்தத்தை வச்சு வழி கண்டுபிடிக்கிறான். உனக்கு ஞாபகம் இல்லையா?

— இருந்தாத்தானே ஞாபகம் வரும்! அதுல குகை வருது, ஒத்துக்கிறேன். பந்தம் அணைஞ்சுபோகும். அரைப் பக்கம் முழுக்கக் கறுப்பா இருக்கும். அடுத்த கட்டத்துலயே கண்ணுல இருந்து நெருப்பைக் கக்கி வெளிச்சம் பண்ணிடுவான். அவ்வளவுதான் இருட்டு.

— அரைப் பக்கம்தானா? நல்லா யோசிச்சுச் சொல்லு.

— என்னைப் போயி யோசிக்கச் சொல்றியே! அரைப் பக்கம்தான்டா.

— என் வீட்டுக்காரி அந்த இருட்டை ரெண்டு சாயங்காலம் படிச்சாடா...

— மாமா, கொஞ்சம் அடுப்படிக்கு வர்றீங்களா? டீத்தூள் டப்பா மேல் தட்டுல இருக்கு, எனக்கு எட்டல.

— அவனுக்கு மட்டும் எட்டிடுமாக்கும்? அப்படியே ஸ்டூலையும் எடுத்துக் குடும்மா.

— வாயைப் பாரு இவனுக்கு. இதோ வர்றேன்மா... எங்கே டப்பா?

— டப்பா எல்லாம் கையிலதான் இருக்கு மாமா. கதவைச் சாத்துங்க. இருங்க, குழாயையும் திறந்து விடுறேன். அப்பாவுக்குக் காது ரொம்பத் துல்லியம்.

— என்னம்மா, என்ன விஷயம்? ஏன் முகம் இப்படி இருக்கு?

— மாமா, உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கிறேன். அப்பா என்ன கதை சொன்னாலும் இல்லன்னு சொல்லாதீங்க.

— இல்லாததை எப்படிம்மா இருக்குன்னு சொல்றது? அவன் பாட்டுக்கு வான்காவலனைக் குருடாக்கிட்டான்.

— அப்பா இல்ல மாமா. அம்மாதான் ஆக்கினாங்க.

— தங்கச்சியா?

— பட்டறையில சிலிண்டர் வெடிச்சுதில்ல, அப்பா கண்ணுல கட்டோட படுத்திருந்தார். பேசமாட்டார், சாப்பிடமாட்டார். தட்டை வச்சா தட்டிவிட்டுடுவார். 'என்னைக் கொன்னுடு, உனக்குப் புண்ணியமாப் போகும்'னு அம்மாகிட்ட ஒரே கத்தல். அம்மாவுக்கு என்ன செய்றதுன்னு தெரியல. கட்டிலுக்கு அடியில அப்பா சேர்த்து வச்ச புத்தகங்கள்ல இருந்து கைக்கு வந்த ஒண்ணை உருவிப் படிக்க ஆரம்பிச்சாங்க. அதுதான் நீங்க திட்டுற 'உடைந்த அணை'.

— அடக் கடவுளே. இருக்கிற கதைகள்ல போயும் போயும் அதுவா?

— நான் அம்மா தோள் மேல சாய்ஞ்சு பார்த்துக்கிட்டே இருந்தேன். கடைசிப் பக்கம் வந்ததும் அம்மா குரல் நின்னுடுச்சு. அப்புறம் படிக்கிறாங்க, படிக்கிறாங்க, பக்கத்துல ஒண்ணு இருக்கு, வாயில வேற ஒண்ணு வருது. மொட்டை மாடி, திட்டு எல்லாம் அப்போ வந்ததுதான். அப்பா சிரிச்சார் மாமா. வெடிச்சதுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் முதல் தடவை சிரிச்சார்.

— அதான் என்கிட்ட போன்ல, 'அண்ணே, மாசாமாசம் புதுசு வந்தா பஸ்ஸுல குடுத்து விடுண்ணே'ன்னு கேட்டுச்சா? நான் ஒரு மடையன். கண்ணு தெரியாதவனுக்கு எதுக்குப் படக்கதைன்னு மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டேதான் அனுப்பினேன். இன்னைக்கு அவனா ஆரம்பிக்கிற வரைக்கும் அவன்கிட்ட வான்காவலன் பேச்சையே எடுத்ததில்ல, வருத்தப்படுவான்னு.

— அதுக்கப்புறம் எல்லாக் கதையிலயும் கை வைக்க ஆரம்பிச்சுட்டாங்க. அப்பாவுக்கு என்ன தேவையோ அது அந்த மாசக் கதையில வந்துடும். கைத்தடி பிடிக்க மாட்டேன்னு அப்பா முரண்டு பிடிச்சா, வான்காவலன் கையில ஒரு தடி வந்துடும்.

— சாமர்த்தியக்காரிம்மா உங்க அம்மா.

— ஆஸ்பத்திரியில கடைசியா என்கிட்ட பேசினதும் இதைப் பத்தித்தான். 'அப்பாகிட்ட சொல்லிடாதே. இத்தனை வருஷம் ஏமாத்திட்டாளேன்னு நினைச்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவார்'னாங்க. இப்போ அப்பாவுக்கு மிச்சம் இருக்கிறது அந்தக் கதைங்க மட்டும்தான் மாமா. அதையும் நீங்க பிடுங்கிடாதீங்க.

— அழாதே. கண்ணைத் துடை. வான்காவலன் விஷயத்துல நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் தோத்ததில்ல. உங்க அம்மாவுக்காகத் தோத்துட்டுப் போறேன். டீயைக் குடு, நானே கொண்டு போறேன்.

— என்னடா, டீத்தூள் டப்பா எந்த நாட்டுல இருந்துச்சு? இவ்வளவு நேரம்?

— இந்தா, பிடி. சூடு, பார்த்து. வெல்டரு, நான் உள்ளே நின்னு யோசிச்சுப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி.

— எது?

— 'பாதாளப் பாதை'தான். கண்ணு போகுது, ஆமா. தடவித் தடவி நடக்கிறான். எனக்கு வேற ஒரு கதையோட குழம்பிடுச்சு.

— உனக்கா? குழம்பிடுச்சா?

— வயசாகுதில்லடா. 'உடைந்த அணை'யும் அப்படித்தான். அவ மாடியில நிக்கிறா, அவன் வந்துடுறான். நான் கடைசி ரெண்டு பக்கம் ஒட்டிக்கிட்ட புத்தகத்தைப் படிச்சிருக்கேன் போல. நல்ல கதைதான்.

— அப்போ 'கடல் பேய்'ல கடைசிக் கட்டம் ஞாபகம் இருக்கா? சண்டை எல்லாம் முடிஞ்சு களைச்சுப்போயி, பஸ்ஸைப் பிடிச்சு, டிக்கெட் எடுத்து வீட்டுக்குப் போவானே?

— இல்லாம என்ன? அருமையான கட்டம். ஜன்னலோரச் சீட்டு.

— ஜன்னலோரச் சீட்டா?

— ஆமாடா. மேலங்கி கூட ஜன்னல் வழியா வெளியில பறக்கும்.

— பறக்கத் தெரிஞ்சவன் எதுக்குடா பஸ்ஸுல போறான்?

— அது... களைச்சுப்போயிட்டான்னு நீதானே சொன்ன?

— இப்போ உட்கார்ந்த இடத்துல நான் கட்டிவிட்டதுடா அது. அவ கூடச் சொன்னதில்ல. அரைப்படி, உனக்குப் பொய் சொல்லவே வரல. என் மக உன்னை அழ வச்சுட்டாளா உள்ளே? குழாய்ச் சத்தத்துக்கு மேல கேட்டுச்சு, நீ மூக்கை உறிஞ்சினது.

— அப்பா, மாமா மேல தப்பில்ல. நான்தான்...

— நீயும் வா, இப்படி உட்காரு. ரெண்டு பேரும் கேளுங்க. 'உடைந்த அணை' எப்போ வந்துச்சு, அரைப்படி?

— எப்போன்னா... உனக்குக் கண்ணு நல்லா இருந்தப்போ.

— உன் கடை வாசல்ல நின்னுக்கிட்டே முழுசாப் படிச்சேன். படிச்சுட்டு உன்கிட்டயே சண்டை போட்டேன், இப்படிக் கொன்னுட்டானேன்னு. மறந்துட்டியா?

— அப்படின்னா அப்பா, உங்களுக்கு முதல்ல இருந்தே...

— முதல் நாள்ல இருந்தே தெரியும். உங்க அம்மா அந்தக் கடைசிப் பக்கத்துக்கு வர்றா, நான் கட்டுக்குள்ள கண்ணை இறுக்கிக்கிட்டுக் காத்திருக்கேன், வான்காவலன் பொண்டாட்டி சாகப்போறாளேன்னு. பார்த்தா, மொட்டை மாடியில நின்னு திட்டுறா. எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துடுச்சு. என் பொண்டாட்டி பொய் சொல்றா, அதுவும் இவ்வளவு அழகாச் சொல்றான்னு.

— அம்மாகிட்ட ஏன்ப்பா சொல்லல?

— சொன்னா நிறுத்திடுவாளேம்மா. வெட்கப்படுவா. அச்சுல இருக்கிறதை மட்டும் ஒழுங்காப் படிக்க ஆரம்பிச்சுடுவா. எனக்கு எதுக்கு அச்சு?

— தெரிஞ்சுக்கிட்டே என்னை எதுக்குடா வரச் சொல்லி இந்தப் பாடு படுத்துற?

— பழசெல்லாம் எனக்குத் தெரியும். நானே படிச்சது. உங்க தங்கச்சி எங்கே மாத்தினாள்னு டக்குன்னு பிடிச்சுடுவேன். கண்ணு போனதுக்கு அப்புறம் வந்த கதைங்க இருக்கே, அதுல எது எவனோ எழுதினது, எது அவ சொன்னதுன்னு எனக்குத் தெரியலடா. ரெண்டும் அவ குரல்லதான் கேட்டேன். ராவும் பகலும் ஒவ்வொண்ணா ஓட்டிப் பார்க்கிறேன், பிரிக்க முடியல. அவ போயிட்டா. அவ எனக்காகச் சொன்னது எதுன்னாவது தெரிஞ்சுக்க வேண்டாமா? நீ இருக்குன்னு சொன்னா அது எவனோடதோ. நீ இல்லன்னு சொன்னாத்தான்டா அது அவளோடது.

— டேய் வெல்டரு...

— இரக்கப்படாதேடா. இரக்கப்பட்டு ஆமா போட்டியே, ஒவ்வொரு ஆமாவுக்கும் அவளை என்கிட்ட இருந்து கொஞ்சம் பிடுங்கிட்ட.

— தப்புதான்டா. தெரியாமப் பண்ணிட்டேன். கேளு, இப்போ கேளு. எல்லாத்தையும் கேளு.

— 'பனிக்கோட்டை'.

— வந்துச்சு. பனிக்கட்டிக்குள்ள அடைச்சு வைப்பாங்க.

— அதுல ஒரு இடம். எல்லாரும் போனதுக்கு அப்புறம் வான்காவலன் ஒத்தையா உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழறான். அவன் பொண்டாட்டி, அச்சுலயும் அவளை மறுபடி உயிரோட கொண்டு வந்தாங்களோ என்னவோ, வந்து பக்கத்துல உட்கார்ந்து, 'நல்லா அழுங்க, இங்கே யார் இருக்கா, நான்தானே'ங்கிறா. அது இருக்கா? யோசிச்சுச் சொல்லு.

— யோசிக்க என்னடா இருக்கு? இல்ல.

— நிச்சயமா இல்லையா?

— சத்தியமா இல்லடா. முதல் இதழ்ல இருந்து எல்லாத்தையும் படிச்சவன் சொல்றேன், எந்தக் கதையிலயும் வான்காவலன் அழுததே இல்ல.