வாசலுக்கு எதிரே நின்ற கார்

ஈஃபா: கண்ணாடிய இறக்கு தம்பி. டீ ஆறுது.

லோர்க்கன்: ஐயோ, வேண்டாம்மா...

ஈஃபா: குடி.

லோர்க்கன்: இல்லம்மா, இப்பத்தான்...

ஈஃபா: ரெண்டு தடவை வேண்டாம்னுட்ட, மரியாதை முடிஞ்சுது. மூணாவது தடவை வாங்கிக்கணும். நீ அயர்லாந்துக்காரன்தானே?

லோர்க்கன்: ஹும்... நன்றிம்மா. நான் சும்மா... பறவை பாக்க வந்தேன்.

ஈஃபா: என் படுக்கையறை சன்னல்லயா?

லோர்க்கன்: அது வந்து...

ஈஃபா: நானே சொல்றேன். ஃபின்டன்னு ஒரு பறவை. என் புருஷன். ரயில் ஓட்டிட்டிருந்தார். போன குளிர்காலத்துல ஒரு பொண்ணு தண்டவாளத்துல வந்து நின்னா, இவரால வண்டிய நிறுத்த முடியல. அதுலேர்ந்து வீட்ட விட்டு வெளிய வரல. படம் புடிச்சாச்சா?

லோர்க்கன்: ...யாரும்மா சொன்னது?

ஈஃபா: தெருவே சொல்லுது, நீ காப்பீட்டுக் கம்பெனி ஆளுன்னு. தபால்காரர் உனக்குக் கையாட்டிட்டுப் போறார், பெரிய வேவுக்காரன்!

லோர்க்கன்: நான் கூலிக்காரன்மா. பாத்தத எழுதிக் குடுப்பேன், அவ்ளோதான்.

ஈஃபா: காப்பீட்டுக்குன்னு வருஷக்கணக்கா அவர் சம்பளத்துல பிடிச்சாங்களே! முடியாமப் போனா மாசாமாசம் தர்றோம்னாங்க. இப்ப அவங்க டாக்டர், ஃபோன்லயே வைத்தியம் பாக்குற மகராசன், 'குரல் தெளிவா இருக்கு, வேலைக்குப் போகலாம்'ங்கறார். குரலா ரயில் ஓட்டும்?

லோர்க்கன்: கால் ஒடிஞ்சா எக்ஸ்ரே எடுத்துப் பாக்கலாம். மனச...

ஈஃபா: மனசத் தெருவுலேர்ந்து பாக்கலாமாக்கும்!

லோர்க்கன்: அவர் ஒரு தடவை சிரிச்சா போதும்மா. கடைக்குப் போனா போதும். குணமாயிட்டார்னு பணத்த நிறுத்திருவாங்க.

ஈஃபா: அப்ப செத்தாத்தான் நோயாளின்னு நம்புவாங்க. தட்டுல இருக்குற ரொட்டியையும் தின்னு. முறைச்சுப் பாக்காத.

லோர்க்கன்: நல்லாருக்கும்மா. வெண்ணெய்கூடத் தாராளமா... நல்ல கை உங்களுக்கு.

ஈஃபா: என் கை இல்ல.

லோர்க்கன்: பின்ன?

ஈஃபா: கடவுளே, எதுக்கு வாய விட்டேன்...

லோர்க்கன்: அவரா?

ஈஃபா: ஆமா, அவர்தான். சன்னல்ல எட்டிப் பாத்தார். 'பாவம், குளிர்ல உக்காந்திருக்கான்'னார். எந்திரிச்சார். அந்த விபத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் அடுப்படிக்கே வந்தார். 'உங்கள வேவு பாக்குறவனுக்கா டீ'ன்னு நான் கத்துறேன்... ரொட்டிய வெட்டுறார் மனுஷன். ஒரு துண்டுக்குப் பத்து நிமிஷம் ஆகுது, ஆனா வெட்டுறார். எழுதிக்கோ. டீ போடுறார், குணமாயிட்டார். இந்த மாசம் பணம் நின்னா இந்த வீடும் போயிரும். அதையும் படம் புடி.

லோர்க்கன்: எழுத மாட்டேன்மா.

ஈஃபா: இரக்கமாக்கும்! உங்க கம்பெனிக்கு அதெல்லாம்கூட உண்டா?

லோர்க்கன்: இரக்கமில்லம்மா. நான் முன்னாடி போலீஸ்ல இருந்தேன். ஒரு தடவை ஆத்துலேர்ந்து ஒரு சின்னக் குழந்தையோட உடல எடுத்தோம்... அப்புறம் என்னால சீருடை போட முடியல. மனசுன்னா நம்ப மாட்டாங்கன்னு, முதுகு வலின்னு எழுதிக் குடுத்தேன். இதே கம்பெனி, மறுபேச்சில்லாமப் பணம் குடுத்துச்சு. எனக்கு முதுகு ஒரு நாளும் வலிச்சதில்லம்மா.